கொல்லையில் டார்வின்: மூன்றடிக்கு இரண்டடி மண்ணும் ஒரு கட்டு ஈர்க்குச்சியும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமம் ஒரு பாடம். லாமார்க் என்றால் ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து, டார்வின் என்றால் குருவி மூக்கு, வேறுபாடு எழுதுக, அவ்வளவுதான். நானும் அப்படி எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான், அப்புறம் பல வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் 1859இல் வந்த டார்வினுடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலைப் புரட்டும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மனிதர் பீகிள் கப்பலில் சுற்றியது ஐந்து வருஷத்துக்கும் குறைவு (1831 டிசம்பர் முதல் 1836 அக்டோபர் வரை). 1842இல் லண்டனுக்குப் பக்கத்தில் டவுன் என்ற கிராமத்தில் (பேர்தான் டவுன், ஊர் பட்டிக்காடு) ஒரு வீடு வாங்கிக் குடியேறி, 1882இல் சாகும்வரை நாற்பது வருஷம் அங்கேயேதான் இருந்தார். அந்த வீட்டுத் தோட்டத்தில் அவர் செய்த சோதனைகளில் பலவற்றுக்கு வேண்டியது ஒரு கரண்டி, ஒரு கோப்பை, கொஞ்சம் குச்சி, ஒரு நோட்டு. இதில் எது வேலூரில் கிடைக்காது?

அதனால் சத்துவாச்சாரியோ பாகாயமோ காட்பாடியோ, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தால் போதும், மொட்டை மாடியாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எண்ணாமல் விட்டால் இதில் ஒன்றுமே கிடையாது. டார்வின் நம்மைவிடப் பெரிய கண்ணோடு பிறக்கவில்லை, உட்கார்ந்து எண்ணினார்.

முதல் வேலை களை வளர்ப்பது. ஆமாம், களைதான். கத்திரி வெயிலில் இதை ஆரம்பிக்காதீர்கள், வேலூர் வெயிலில் மண்ணோடு சேர்ந்து நீங்களும் வெந்துவிடுவீர்கள். ஆவணி கடைசி அல்லது புரட்டாசியில், மண் ஒரு நல்ல மழை கண்டபிறகு, மூன்றடி நீளம் இரண்டடி அகலத்துக்கு ஒரு பாத்தி அளந்து கயிறு கட்டுங்கள். டார்வின் எடுத்துக்கொண்ட அளவும் இதேதான். அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கிளறி, இருக்கிற செடி, வேர், கிழங்கு எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட வேண்டும். கோரைக் கிழங்கை விடவே கூடாது, அது விதையிலிருந்து வராமல் கிழங்கிலிருந்து திரும்பத் திரும்பத் தலைநீட்டி கணக்கையே கெடுத்துவிடும். மாடிக்காரர்கள் காலி மனையிலிருந்து மேல்மண்ணை அள்ளிவந்து அகலமான இரண்டு தொட்டியில் பரப்பிக்கொள்ளலாம். கடையில் விற்கும் தென்னைநார்க் கலவை உதவாது, அதில் களை விதையே இருக்காது.

அப்புறம் எதையும் விதைக்காதீர்கள். சும்மா இருங்கள்.

நான்கைந்து நாளில் பச்சை தெரிய ஆரம்பிக்கும். தினமும் காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புதிதாக முளைத்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஒரு விரற்கடை தள்ளி, எப்போதும் ஒரே திசையில், ஒரு ஈர்க்குச்சியைக் குத்துங்கள். வடக்கு என்றால் எல்லாவற்றுக்கும் வடக்குதான், இல்லாவிட்டால் இரண்டு முளை நெருக்கமாக வந்த இடத்தில் எந்தக் குச்சி எதற்கு என்று குழம்பிப்போவீர்கள். வாரத்துக்கு ஒரு நிற நூலைக் குச்சியின் தலையில் கட்டிவிட்டால் எது எப்போது முளைத்தது என்பதும் தெரிந்துவிடும். முளைத்த உடனே பெயர் கண்டுபிடிக்க முடியாது, இரட்டை இலையில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நாலு இலை விட்டபிறகு குப்பைமேனி, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, சாரணை என்று ஒவ்வொன்றாகத் தன் முகத்தைக் காட்டும். பார்த்தீனியம் வந்தால் கையுறை போட்டுத் தொடுங்கள், சிலருக்கு அரிப்பு எடுக்கும்.

முளை செத்தால் குச்சியைப் பிடுங்கக் கூடாது, பாதியில் ஒடித்து அங்கேயே விட வேண்டும். எப்படிச் செத்தது என்று நோட்டில் ஒரு வார்த்தை எழுதுங்கள். அடியில் கத்தரித்தமாதிரி விழுந்து கிடந்தால் மண்ணுக்குள் இருக்கும் புழு. இலை ஓரம் கடித்துப் பிய்ந்திருந்தால் வெட்டுக்கிளியாக இருக்கலாம். வெள்ளிக் கோடு மாதிரி ஒரு தடம் மின்னினால் நத்தை, இரவு ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள், ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். தண்டின் அடி கறுத்துச் சாய்ந்தால் அழுகல். ஒன்றும் இல்லாமல் சுருண்டிருந்தால் வெயில்.

என் முதல் முயற்சி பத்தாம் நாளே முடிந்துபோனது. அம்மா பின்பக்கம் வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, கொல்ல பூரா குச்சி குத்தி வெச்சிக்கினு கீற? நாளைக்கு உங்க மாமா வூட்ல இருந்து வராங்கோ, புல்லப் புடுங்கிப் போடு" என்றார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பினால் பாத்தி பளிச்சென்று இருந்தது, சாணி தெளித்து ஒரு சின்னக் கோலம் வேறு. இரண்டாம் தடவை சுற்றிலும் வலை கட்டி, என்ன செய்கிறேன் என்று முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, ஒடிந்த குச்சிகளை எண்ணும் பொறுப்பையும் அம்மாவிடமே ஒப்படைத்துவிட்டேன். வலை முக்கியம். பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே புகுந்தால் எல்லாவற்றையும் ஒரே நிமிஷத்தில் கிளறிவிடும், கோழியும் இயற்கைதானே என்று நீங்கள் கேட்கலாம், கேளுங்கள், ஆனால் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

டார்வின் பாத்தியில் மொத்தம் 357 முளை வந்தது. அதில் 295 அழிந்தது, பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளும் தின்றுதான். உரத்துக்கும் இடத்துக்கும் போட்டிபோடப் பெரிய செடி எதுவுமே இல்லாத சுத்தமான பாத்தியில் இந்தக் கதி! மிஞ்சியது 62. உங்கள் கணக்கும் இதே திசையில்தான் போகும் என்று நினைக்கிறேன், என்னுடையதில் மூன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாம் பச்சையாகப் பார்க்கும் காலி மனை எதுவும் 'எல்லாம் முளைத்து வளர்ந்த' இடம் இல்லை, செத்ததெல்லாம் போக மீந்தது, செத்ததை யாரும் எண்ணாததால் அது நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். மிஞ்சிய 62 ஏன் மிஞ்சியது? பாதிக்குமேல் அதிர்ஷ்டமாக இருக்கலாம், நத்தை அந்தப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். இதை மறைத்துப் பேசினால் பரிணாமத்தைத் தப்பாகத்தான் சொல்லிக்கொடுப்போம். ஆனால் எல்லாமே அதிர்ஷ்டம் இல்லை. நம்மூர் மழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மழை கொட்டும், அப்புறம் பதினைந்து நாள் காய்ச்சி எடுக்கும், அதற்கப்புறம்தான் ஐப்பசி அடைமழை. முதல் மழைக்கு ஏமாந்து முளைத்ததெல்லாம் அந்தப் பதினைந்து நாளில் கருகிவிடும், அதே செடியின் விதைதான், ஆனால் கொஞ்சம் தோல் தடித்து, அவசரப்படாமல் மண்ணுக்குள் காத்திருந்தது தப்பித்துவிடும். காத்திருக்கும் அந்தக் குணம் தாய்ச் செடியிலிருந்து விதைக்கு இறங்கும் குணமாக இருந்தால், அடுத்த வருஷம் காத்திருப்பவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் கூடுவார்கள். மழை நேராக வருகிற வருஷத்தில் கணக்கு தலைகீழாகும், முந்தி முளைத்தவனுக்குத்தான் இடம். யாரும் முயற்சி செய்து மாறவில்லை, எந்தச் செடியும் 'நான் தாக்குப்பிடிக்கப் போகிறேன்' என்று முடிவெடுக்கவில்லை. ஏற்கெனவே வேறுவேறாக இருந்தார்கள், அதில் சிலர் மிஞ்சினார்கள், மிஞ்சியவர்கள் தங்களைப் போன்றதைப் பெற்றார்கள். இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். குச்சிக்கு வாரம்தோறும் நூல் நிறத்தை மாற்றச் சொன்னது இதற்காகத்தான், எந்த வாரத்து முளை அதிகம் பிழைத்தது என்று கடைசியில் எண்ணிப் பாருங்கள்.

பாத்தி வளர்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது வேலையைத் தொடங்கலாம். ஏதாவது ஒரு ஏரிக்கரைக்குப் போங்கள், ஓட்டேரியோ உங்கள் ஊர் ஏரியோ. தண்ணீர் ஓரத்தில், தண்ணீருக்கு அடியில் இருக்கும் சேற்றிலிருந்து மூன்று வெவ்வேறு இடத்தில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து ஒரு கோப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையல் கரண்டியை எடுத்துப்போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து அஞ்சறைப் பெட்டி பக்கம் வைக்காதீர்கள், பழைய கரண்டியே போதும். டார்வின் இப்படித்தான் ஒரு பிப்ரவரி மாதம் ஒரு குட்டையின் ஓரத்தில் மூன்று கரண்டி எடுத்தார், காய்ந்தபிறகு எடை கிட்டத்தட்ட 190 கிராம். அதைப் படிப்பறையில் மூடி வைத்து, ஆறு மாதம், முளைத்த ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537 செடி. ஒரு காலைச் சிற்றுண்டிக் கோப்பைக்குள் அடங்கிய சேற்றிலிருந்து!

நம் ஊரில் செய்யும்போது ஒரு எச்சரிக்கை: சேற்றை ஈரமாக வைத்தால் போதும், மேலே தண்ணீர் தேங்க விடாதீர்கள், கொசு முட்டையிட்டு நீங்கள் பரிணாமத்துக்குப் பதில் டெங்குவைப் படிக்க வேண்டிவரும். மேலே கண்ணாடித் தட்டோ, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடியோ போட்டு மூடுங்கள், அப்போதுதான் காற்றில் பறந்துவரும் எருக்கம் பஞ்சு, புல் விதை எல்லாம் உள்ளே விழுந்து கணக்கில் சேராது. நிழலில் வையுங்கள். முளைத்ததை எண்ணியவுடன் பிடுங்கிவிட வேண்டும், இரக்கப்பட்டு வளரவிட்டால் கீழே இருப்பது முளைக்காது.

எதற்கு இந்தச் சேறு? நம் ஏரிகள் கோடையில் வெடித்துக் காய்ந்து மாடு மேய்கிற தரையாகிவிடும், ஒரு மழைக்கப்புறம் பார்த்தால் அல்லியும் பாசியும் எங்கிருந்தோ வந்து நிற்கும். கொஞ்சம் விதை வண்டலிலேயே தூங்கிக்கொண்டிருக்கும், உங்கள் கோப்பை காட்டுவது அதைத்தான். ஆனால் புதிதாக வெட்டிய குட்டைக்கும் அவை வந்து சேருவது எப்படி? டார்வின் பார்த்தது பறவைக் காலை. சேற்றில் நிற்கும் கொக்கு, மடையான், உள்ளான் எல்லாம் ஒரு ஏரியிலிருந்து எழுந்து நேராக இன்னொரு ஏரிக்குத்தான் போகும், காலில் ஒட்டிய சேற்றில் எத்தனை விதை போகும் என்று இப்போது உங்களால் கணக்குப் போட முடியும். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அடிபட்டுப் பறக்க முடியாமல்போன ஒரு கவுதாரியின் காலில் மண் உருண்டையாக ஒட்டி இறுகியிருந்தது, எடை 180 கிராமுக்குச் சற்று மேல். நியூட்டன் என்ற பேராசிரியர் (ஆப்பிள் நியூட்டன் இல்லை, இவர் பறவைக்காரர்) அதை டார்வினுக்கு அனுப்பினார். மூன்று வருஷம் பழைய மண். அதை உடைத்துத் தண்ணீர் விட்டு மூடி வைத்ததில் 82 செடி முளைத்தது.

உப்புத்தண்ணீர் சோதனை குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு. நமக்குக் கடல் தூரம், கவலையில்லை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் கல்லுப்பு போட்டால் கடல் வந்துவிடும். மிளகாய், கத்தரி, தக்காளி, கொத்தவரை, பூசணி என்று வீட்டில் இருக்கும் விதைகளைத் தனித்தனி பாட்டிலில் பத்துப் பத்தாகப் போட்டு, 28 நாள் கழித்து எடுத்து ஈரத்துணியில் கட்டி வையுங்கள். நாற்றம் எடுக்கும், வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுங்கள். டார்வின் 87 வகை விதைகளை இப்படிப் போட்டதில் 28 நாளுக்குப் பிறகும் 64 வகை முளைத்தது. உப்பில் விதை செத்துவிடும் என்று நினைத்திருந்தவர் அவருடைய நண்பர், தாவரவியலாளர் ஹூக்கர். டார்வின் வீட்டுப் பிள்ளைகள் அடிக்கடி வந்து "ஹூக்கரை ஜெயிச்சிடுவீங்களா?" என்று கேட்பார்களாம். ஜெயித்தபிறகுதான் அவருக்கு ஒரு ஓட்டை தெரிந்தது: விதை உயிரோடு இருந்து என்ன பயன், பெரும்பாலானது அடியில் மூழ்கிவிடுகிறதே! அப்புறம் காய்ந்த கிளையோடும் காயோடும் மிதக்கவிட்டுப் பார்த்தார். அதனால் நீங்களும் 'மிதந்ததா, மூழ்கியதா' என்று ஒரு கட்டம் நோட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி புறா. இதற்குச் செலவே கிடையாது, அதிகாலையில் கோட்டைக்குப் போனால் போதும். மதில்மேலும் கோபுரத்திலும் உட்கார்ந்திருக்கும் மாடப்புறாக்கள் எழும்பும்போது, சிறகுக்கும் வாலுக்கும் நடுவே முதுகின் கீழ்ப்பகுதியைக் கவனியுங்கள். ஐரோப்பாவின் காட்டு மாடப்புறாவுக்கு அந்த இடம் வெள்ளை. இந்திய மாடப்புறாவுக்கு அது நீலஞ்சார்ந்த சாம்பல் நிறம் என்று டார்வின் தன் நூலில் அடைப்புக்குறிக்குள் குறித்திருக்கிறார். இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை இரண்டுக்கும் பொது. அவருக்கு இந்தியாவிலிருந்து புறாத் தோல்களைச் சேகரித்து அனுப்பியவர் வால்டர் எலியட், சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்தவர். நூலில் அவருக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார்.

கோட்டையில் ஐம்பது புறாவை எண்ணி, எத்தனை அசல் நீலப் பட்டை, எத்தனை புள்ளி, எத்தனை வெள்ளை கலந்தது என்று எழுதிக்கொண்டு, அப்புறம் புறா வளர்க்கும் யாராவது ஒருவரின் மாடிக்குப் போங்கள். நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். கர்ணம் அடிக்கிற புறாவையும், விசிறி மாதிரி வாலை விரிக்கிற லக்காவையும் காட்டச் சொல்லுங்கள். லக்காவைக் கையில் வாங்கும்போது கால் இரண்டையும் விரலிடுக்கில் பிடித்துக் கட்டைவிரலால் இறக்கை நுனியை மெதுவாக அழுத்திக்கொண்டால் படபடக்காது. வால் இறகை எண்ணுங்கள். சாதாரணப் புறாவுக்கு 12. லக்காவுக்கு 30, சிலதுக்கு 40 வரை போகும் என்கிறார் டார்வின். நான் எண்ணும்போது பாதியில் அது எச்சமிட்டுவிட்டதால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

இத்தனை வகையும் ஒரே மாடப்புறாவிலிருந்து வந்தவை என்று டார்வின் எப்படிச் சொன்னார் தெரியுமா? வெள்ளை லக்காவையும் கறுப்பு பார்ப் வகைப் புறாவையும் இணை சேர்த்தார், பழுப்பும் கறுப்பும் கலந்த குஞ்சுகள் வந்தன. அவற்றை மறுபடி தங்களுக்குள் சேர்த்தபோது, பேரக்குஞ்சு ஒன்று நீல உடம்பு, வெள்ளை இடுப்பு, இறக்கையில் இரட்டைக் கறுப்புப் பட்டையோடு அச்சு அசல் காட்டுப்புறாவாக வந்து நின்றது. தாத்தா பாட்டி யாரிடமும் அந்த நீலம் கிடையாது! இதை நீங்களும் செய்யலாம், ஆனால் பேரக்குஞ்சு வரை பார்க்க ஒரு வருஷத்துக்குமேல் ஆகும், புறாக்காரர் பொறுமையானவராக இருக்க வேண்டும். கையால் பொறுக்கி எடுத்து உருவத்தை மாற்றுவதில் நம் ஆட்கள் சளைத்தவர்கள் இல்லை. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாட்டின் பல்லையும் சுழியையும் கொம்பையும் பார்த்து விலை பேசுகிறவர்கள், இலவம்பாடி முள்ளுக்கத்தரியில் நல்ல காயை மட்டும் பறிக்காமல் விதைக்கு விட்டுவைக்கிறவர்கள், இவர்கள் செய்வதைத்தான் டார்வின் மனிதர் செய்யும் தேர்வு என்றார். மனிதன் சில தலைமுறையில் இவ்வளவு செய்தால் நத்தையும் வெயிலும் லட்சம் வருஷத்தில் எவ்வளவு செய்யும் என்பதுதான் அவருடைய வாதம்.

இதையெல்லாம் செய்கிறீர்கள் என்று தெரிந்ததும் வீட்டில் யாராவது ஒரு பெரியவர் கண்டிப்பாகக் கேட்பார்: குரங்கிலிருந்து மனுஷன் வந்தான்னா ஏலகிரி வளைவில் உட்கார்ந்திருக்கிற குரங்கு ஏன் இன்னும் மாறவில்லை? சண்டை போடாதீர்கள். குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி என்று சொல்லுங்கள். ஒரே பாட்டனுக்குப் பிறந்து எப்போதோ பாகம் பிரிந்த வகையறா, அவர்கள் வழி அவர்களுக்கு, நம் வழி நமக்கு. நீ ஏன் உன் பங்காளியாக மாறவில்லை என்று யாரும் கேட்பதில்லையே. 1859 நூலில் டார்வின் மனிதனைப் பற்றி ஒரே வரியோடு நழுவிவிட்டார், விரிவாக எழுதியது 1871இல்தான். அவரும் சொந்தக்காரர்களுக்குப் பயந்தவர்தான் போலிருக்கிறது.

இன்னொரு பழக்கமும் அவரிடமிருந்து வேண்டாம். எண்ணி எண்ணி, நூலாக எழுதி வெளியிடாமலே இருபது வருஷம் தள்ளிப்போட்டார். 1858இல் மலாய்த் தீவுகளிலிருந்து வாலஸ் என்பவர் அதே கருத்தைக் கட்டுரையாக எழுதி அவருக்கே அனுப்பியபிறகுதான் பதறிப்போனார், அந்த ஜூலை 1ஆம் தேதி இருவர் எழுத்தையும் சேர்த்து லண்டனில் லின்னியன் சங்கம் என்ற இயற்கையியலாளர் சங்கத்தில் வாசிக்க வேண்டியதாயிற்று. நோட்டை அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள்.

அப்புறம் ஈர்க்குச்சி. தென்னை ஓலை கிடைத்தால் அதிலிருந்து கிழித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிற புதுத் துடைப்பத்தைப் பிரிக்காதீர்கள். ஏற்கெனவே சொன்ன சண்டை போதாதென்று, அதற்கு வேறு தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.